ஒன்பது லட்ச ரூபாய் பென்ஸ்

நாமக்கல்
20-8-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொண்டது. 

சேலத்தில் 2012 மாடல் பென்ஸ் ஈ கிளாஸ் டீசல் வண்டி ஒன்று ஒன்பது லட்சத்துக்கு வருகிறது, அதற்காக ஏலச்சீட்டை இந்த மாதமே தள்ளி எடுத்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நேரில் வந்து பேசினால் உன் அப்பா முன்னாலும், முறுக்குச் சுற்ற வருகிற பெண்கள் முன்னாலும் பேச வேண்டிவரும். அது உனக்குச் சங்கடம். அதனால் எழுதுகிறேன். ராத்திரி கடை கட்டிய பிறகு ஆற அமரப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஆசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லாரிக்குப் பாடி கட்டிப் பிழைத்தவன் நான். தகரத்தை வெட்டி, மடக்கி, கதவு பொருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். பென்ஸ் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடும். அதைப் பார்த்தால் என் விரல் தானாகவே அங்கே போகும். 1995-ல் புனேயில் டெல்கோ ஆலையில் வைத்து இந்த ஈ கிளாஸைத்தான் முதன்முதலில் நம் நாட்டில் கட்ட ஆரம்பித்தார்கள். அம்பாசடரும் பத்மினியும் பார்த்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். முறுக்கு அடுப்பில் நின்று முன்னுக்கு வந்த பிள்ளை அந்த வண்டியில் ஏறினால் எனக்கும்தான் பெருமை.

ஆனாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் பழைய வண்டி பார்க்கப் போனால் விலையைக் கடைசியில்தான் கேட்பார்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது, எஃப்.சி. எந்த மாதம், இன்ஜின் எப்போது இறக்கினது, ஹவுசிங் வேலை பார்த்ததா என்று எல்லாம் விசாரித்து, வாங்கினதும் கையைக் கடிக்கும் செலவு எவ்வளவு என்று மனசுக்குள் ஒரு தொகை போட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். நீ விலையை மட்டும் கேட்டிருக்கிறாய்.

அந்த வண்டி புதிதில் நாற்பது லட்சத்துக்கு மேல் போனது. இன்று ஒன்பது. நடுவில் கரைந்த முப்பது லட்சத்தை முன்னால் வைத்திருந்தவர்கள் சுமந்துவிட்டார்கள், நமக்கு லாபம் என்று உனக்குத் தோன்றும். வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது மாப்பிள்ளை. அதன் ஹெட்லைட் விலை இறங்கவில்லை. கியர்பாக்ஸ் விலை இறங்கவில்லை. அதில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கின் கூலி வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. நாற்பது லட்சத்து வண்டி என்ன செலவு வைக்குமோ அதையேதான் இதுவும் வைக்கும். வயசானதால் அடிக்கடி வைக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஆட்கள் சொன்னது இதற்குத்தான்.

ஒரு ஹெட்லைட் ஒரிஜினல் போட்டால் லட்ச ரூபாயைத் தொடும். நாலு டயர் மாற்றினால் அரை லட்சம் தாண்டும். உன் மாருதியில் மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் ஊற்றுகிறாய்; இதில் ஆறு லிட்டருக்கு மேல் போகும், அதுவும் கம்பெனி சொன்ன தரத்தில் முழு சிந்தெடிக் ஆயிலாக இருக்க வேண்டும். பேட்டரி, பிரேக் பேட், டிஸ்க் எதை எடுத்தாலும் மூன்று மடங்கு, நாலு மடங்குதான். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இதெல்லாம் வண்டியில் ஒரு கோளாறும் இல்லாதபோது ஆகிற செலவு.

கோளாறு வந்தால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி ஓட்டும் என் சிநேகிதர் ஒருவர் பழைய ஜெர்மன் கார் வாங்கினார். பெயர் வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன் வண்டி. ராத்திரி நிறுத்தும்போது நாலு சக்கரத்திலும் ஒரே மட்டமாக நிற்கும். விடிந்து வந்து பார்த்தால் முன்பக்கம் இடது மூலை மட்டும் உட்கார்ந்திருக்கும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையாது. இன்ஜினைப் போட்டதும் பின்னாலிருந்து கம்ப்ரசர் உறுமும், வண்டி மெல்ல எழுந்துகொள்ளும். எழுந்துவிடுகிறதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது ரப்பர் பையின் மடிப்பில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு, அதில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அந்த மயிரிழைக் காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடிக் கம்ப்ரசரும் தீய்ந்துபோயிருந்தது. ஒரு மூலைக்கு மட்டும் லட்சத்தை ஒட்டி ஆனது, கம்ப்ரசர் தனி. ஒன்று போனால் அதே வயசுள்ள மற்றதும் பின்னாலேயே போகும் என்று மெக்கானிக் சொன்னார். அப்படியே ஆனது. ஸ்பேர் வருவதற்கே வாரக்கணக்கில் காத்திருந்தார். அதுவரை கார் பட்டறையில், அவர் டூவீலரில்.

நீ பார்த்திருக்கும் வண்டியில் ஏர் சஸ்பென்ஷனா, சாதாரண ஸ்பிரிங்கா என்று முதலில் கேள். ஏர் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிட்டு வா. உனக்கு மாமா சொல்வதில் இது ஒன்றை மட்டும் கேட்டால்கூடப் போதும்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றின பார்ட்ஸ் கிடைக்குமே என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். கதவு, பம்பர், கண்ணாடி வாங்கலாம், நானே வாங்கித் தருவேன். ஆனால் இந்த வண்டிகளில் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டி, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் பெட்டி, சாவி எல்லாம் அந்தந்த வண்டியின் நம்பரோடு முடிச்சுப் போட்டவை. வேறு வண்டியில் கழற்றியதை இதில் மாட்டினால் ஸ்டார்ட்டே ஆகாது. அதை அவிழ்த்துக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்கான கருவி வேண்டும். சேலத்தில் முடியாத வேலை என்றால் கோவைக்கோ சென்னைக்கோ ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போக வேண்டும். அந்த வாடகையையும் சேர்த்துக்கொள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றவே தேவையில்லை என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதே. பி.எம்.டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பென்ஸ் கியர்பாக்ஸுக்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கு பில் இருந்தால் வாங்கிப் பார். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். அப்புறம் உன் வீட்டில் மாவு மூட்டையும் அரிசியும் இருக்கிற இடத்தில்தான் காரை விடப் போகிறாய். எலி வரும். லாரி வயரை எலி கடித்தால் நம் எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடுவார். இதில் வயர் கட்டையே மொத்தமாக மாற்றச் சொல்வார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பாய். 1500 சி.சி.க்கு மேல் உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருஷத்துக்கு 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் வேறு. ஐந்து, ஏழு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி சாதாரணமாகக் கிடைக்காது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள். பத்து வருஷம் தாண்டிவிட்டால் இரும்புச் சாமானுக்கும் பாதிதான். பம்பர், கிரில், லைட், பானட் என்று முன்பக்கம் அடிபட்டால் பில்லில் சரிபாதி உன் கையிலிருந்து போகும். இன்னொன்றையும் கேள். ரிப்பேர் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்று கணக்கை முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. ஆறு லட்சம் போட்டிருந்தால் நாலரை லட்சம் பில்லிலேயே கதை முடிந்தது. இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், பானட், ஏர்பேக் என்று சேர்த்தால் நாலரை லட்சம் எவ்வளவு சீக்கிரம் வரும் தெரியுமா? மாருதியில் பட்டறைக்குப் போய் வருகிற அடி, பென்ஸில் வண்டியையே முடித்துவிடுகிறது.

வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயா? டெல்லி வண்டியாக இருந்தால் கூடுதலாக யோசி. அங்கே பத்து வருஷம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அந்த ஊர்ப் பெரிய கார்கள் குறைந்த விலையில் தெற்கே இறங்கின. அந்த விலைக்கு மேல் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எல்லாம் இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுக்காதே. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளமும் நினைவில் இருக்கட்டும். தண்ணீரில் மூழ்கின கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், உள்ளே சேற்றுக் கறை நிற்கும். மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்.

நம் மாநில வண்டியாகவே இருந்தாலும் 2012 மாடல். 2027-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். எஃப்.சி. பார்க்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். தொகை பெரிதில்லை. ஆனால் அந்தச் சமயம் நீ விற்க நினைத்தால் வாங்குகிறவன் இதையெல்லாம் சொல்லி விலையை அடிப்பான்.

இந்த வண்டிகளைச் சரியாக வைத்திருக்க முடியாது என்று நான் சொல்லவரவில்லை. கோவையில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய்ப் பார். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் எத்தனையோ பழைய வெளிநாட்டுக் கார்களைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அதற்கென்றே ஆட்கள், இடம், பொறுமை, பணம் எல்லாம் அங்கே இருக்கிறது. அந்தக் கார்கள் யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை. உன் கார் தினம் காலையில் உன்னை ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

எனக்கு வயிற்றைப் பிசைவது காரை நினைத்து இல்லை, அந்தச் சீட்டுப் பணத்தை நினைத்து. அக்டோபர் 20 தீபாவளி. இன்னும் இரண்டு மாதம். உனக்கு வருஷத்தில் ஓட்டம் உள்ள காலமே இதுதான். எண்ணெய் டின்னும் அரிசியும் மொத்தமாக எடுக்க வேண்டும், முறுக்குச் சுற்றுகிற பெண்களுக்குத் தீபாவளிப் பணம் கொடுக்க வேண்டும், வெளியூர்க் கடைக்காரர்கள் பாக்கியைத் தீபாவளி கழித்துத்தான் தருவார்கள். அந்த இடைவெளியைத் தாங்குகிற பணம் அது. சீட்டைத் தள்ளி எடுத்தால் தள்ளுபடியிலேயே ஒரு தொகை போய்விடும். பதின்மூன்று வருஷத்து வண்டிக்கு பேங்க்கில் லோன் லேசில் கிடைக்காது. மீதிக்கு நீ தனியார் ஃபைனான்ஸுக்குத்தான் போவாய். செப்டம்பரில் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் எண்ணெய்க்கா, காருக்கா என்று நிற்பாய். உன் அப்பா இருபது வீட்டுக்கு வேலை கொடுக்கும் அடுப்பை ஒரு நாள்கூட அணையவிடாமல் நடத்தினவர்.

குடும்பத்தோடு போக வரப் பெரிய வண்டி வேண்டும் என்றால் நல்ல இன்னோவா பார்க்கலாம். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடின இன்னோவாவை இந்த ஜில்லாவில் எந்தப் பட்டறையிலும் விடலாம். இல்லை மாமா, எனக்குப் பென்ஸ்தான் என்றால் அதற்கும் நான் தடை இல்லை. தீபாவளி முடியட்டும், பாக்கி வசூலாகட்டும். வண்டி விலை கையில் ரொக்கமாக இருக்கட்டும், அதோடு மூன்று லட்சம் தனியாகப் போட்டு வை. அது வண்டிக்கென்றே கிடக்கட்டும், அதில் அரிசி வாங்காதே. முதல் வருஷம் அந்த மூன்று லட்சம் செலவாகவில்லை என்றால் சந்தோஷம், அடுத்த வருஷத்துக்கு ஆகும். அப்படி ஒதுக்க முடியாத வருஷம் அந்த வண்டி உனக்கானது இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சேலம் வருகிறேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவேன், ஸ்கேனர் வைத்திருக்கிறார். வண்டியை முதல் நாள் ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல். குளிர்ந்த இன்ஜினில் முதல் சத்தத்தை நான் கேட்க வேண்டும்; டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். சில டீசல் இன்ஜின்களில் அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், அதை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். சர்வீஸ் பில்கள், இரண்டு சாவி, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல். காட்டமாட்டேன் என்றால் நாம் திரும்பி வந்துவிடலாம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே, சீட்டையும் தள்ளாதே.

இப்படிக்கு,
உன் மாமா