பத்து மணிக்கு மைக் நிற்கும்

கச்சேரி கேள்வி-பதில்

(பதில் சொல்பவர் தென்காசி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிப்பவர், கோயில் கச்சேரிகளும் ஏற்பாடு செய்கிறவர்.)

கேள்வி: ஆறு மணிக் கச்சேரி என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். பாடகர் மேடையேறும்போது எட்டே முக்கால். பத்துக்குப் போலீஸ்காரர் வந்து மைக்கை நிறுத்திவிட்டார். நல்ல ராகம் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்யலாமா?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: செய்யத்தான் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. 2023 ஏப்ரல் 30 அன்று புனேயில் ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியையே பத்து தாண்டியது என்று போலீஸ் மேடையேறி நிறுத்தியது. உங்கள் கோபம் போலீஸ்காரர்மேல் போனதுதான் எனக்கு வருத்தம். ஆறுக்குத் தொடங்கியிருந்தால் ஒன்பதுக்கெல்லாம் மங்களம் பாடியிருப்பார்கள்.

கேள்வி: குற்றாலத்துக்குப் பாட வந்த பாடகி ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்ததால்தான் தாமதம் என்றார்கள். சீசனில் இது சகஜம்தானே?
– வாசகி, இலஞ்சி

பதில்: இல்லை. மறுநாள் காலையிலும் அருவியில் தண்ணீர் விழும்.

கேள்வி: நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்ததாக என் தாத்தா சொல்வார். மேதைகளுக்குக் கடிகாரம் காட்டலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் மாதாமாதம் வருகிறது. அவர் வாசித்த தோடிக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வாசித்த காலத்தில் ராத்திரி முழுக்கக் கையில் இருந்தது. சுவாமி நாலு வீதி சுற்றி நிலைக்கு வரும்வரை மேளம். இரண்டு மணி நேரம் பிந்தினாலும் ராகத்தில் ஒரு பிடி குறையாது. இன்று பத்துக்கு மைக் நின்றுவிடும்; தொலைந்த இரண்டு மணி நேரம் தொலைந்ததுதான்.

அது யாருடைய பங்கிலிருந்து போகிறது தெரியுமா? பாடகர் தன் வர்ணத்தையும் விடமாட்டார், துக்கடாவையும் விடமாட்டார். எங்கள் தனி ஆவர்த்தனம்தான் சுருங்கும். ஒருமுறை, ஊர்ப் பெயர் வேண்டாம், கடமும் நானும் ஒரு வாரம் பேசி வைத்திருந்த தனி. “அஞ்சு நிமிஷத்தில் முடிச்சுக்கோங்க” என்று மேடையிலேயே காதில் சொன்னார்கள். மோரா வைத்து இறங்கிவிட்டேன். முன்வரிசையில் சுரண்டையிலிருந்து தனி கேட்கவே வந்த பெரியவர், கடைசி பஸ்ஸுக்காக அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார். அவருக்கு யார் பதில் சொல்வது?

மேதை, மேதை என்கிறீர்கள். நம் ஊர்க் கோயில் கொடைக்கு வரும் வில்லுப்பாட்டுக்காரரைப் பாருங்கள். குடியழைப்பு அன்று பொழுது சாயும்போது வந்து நிற்பார். மறுநாள் மதியக் கொடைத் தீபாராதனைக்குக் கதை எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கணக்கு வைத்துப் பாடுவார். வில் பிந்தினால் சாமி ஆடுகிறவர் காத்து நிற்க வேண்டும், ஊர் விடுமா? அவரும் கலைஞர்தான். சம்பளம் மட்டும்தான் குறைவு.

கேள்வி: டிக்கெட் வாங்கிப் போன கச்சேரி மூன்று மணி நேரம் தாமதம். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கேட்க உரிமை உண்டு. டிக்கெட்டையும், நேரம் அச்சிட்ட விளம்பரத்தையும் பத்திரமாக வையுங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஜெயிப்பது உறுதி என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் நியூயார்க்கில் எட்டரை மணி நிகழ்ச்சிக்கு மடோனா பத்தரைக்கு மேல் வந்தார் என்று இரண்டு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். நடுராத்திரியில் வீடு திரும்ப வண்டி கிடைக்கவில்லை, விடிந்தால் வேலை என்பதுதான் அவர்கள் குறையும். பிறகு அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: நாங்கள் விழாக் கமிட்டி. பாடகர் பிந்தாமல் இருக்க என்ன வழி?
– தென்காசி

பதில்: சென்னைக்காரர் என்றால் முதல்நாள் இரவு பொதிகை ரயிலில் ஏற்றிவிடுங்கள், காலையில் வந்து இறங்கிவிடுவார். மதுரைக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து காரில் வருகிறேன் என்பவரிடம், சாரல் சீசன் சனி, ஞாயிறில் நம் ரோடு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்தது உங்களுக்கு. பாடகர் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருக்க, சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று ஏழு வரை நிறுத்திவைத்த கமிட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் ஜனங்கள் திட்டியது பாடகரைத்தான். பொன்னாடையைக் கடைசியில் போர்த்துங்கள்.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். குற்றாலத்தில் வாசிக்கப் போனால் சுருதி நிற்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு முன்னதாகப் போவது?
– மாணவர், செங்கோட்டை

பதில்: இரண்டு மணி நேரம், தம்பி. சாரல் ஈரத்தில் தோல் இளகிச் சுருதி இறங்கும். நீ அவசரமாகத் தட்டி ஏற்றிவிடுவாய். மேடை விளக்குச் சூட்டில் அது இன்னும் ஏறிப் பாடகரோடு ஒட்டாமல் போகும். அதனால் விளக்கைப் போடச் சொல்லி, உறையைக் கழற்றி, வாத்தியத்தை மேடையிலேயே ஒரு மணி நேரம் வை. பிறகு கல்லையும் புள்ளையும் எடு. தொப்பிக்கு ரவை கடைசி அரைமணியில் போதும். போனதும் முதல் வேலையாக, மேடையில் ஈரக்காற்று அடிக்காத பக்கம் எது என்று பார்த்து வைத்துக்கொள்.