லீவு நாளில் மனசு தேறணுமா? போனை இப்படிப் பிடி!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரத்தைக் கவிழ்த்துட்டு, "நல்லதா ஏதாவது பார்ப்போம்"னு போனோடு படுக்கிறே. நாலரைக்கு எழுந்தா தலைவலிதான் மிச்சம். நீயா தேர்ந்தெடுத்துப் பார்த்தா தேவலை. போன் தள்ளிவிட்டதை எல்லாம் வாங்கிப் பார்த்தா இப்படித்தான் ஆகும் தங்கச்சி.

1. வார நாளிலேயே எடுத்து வை. யாராவது நல்ல வீடியோன்னு அனுப்பினா, அடுப்படியில் நின்னுக்கிட்டே திறக்காதே. யூடியூப் 'வாட்ச் லேட்டர்'ல போட்டு வை. லீவு நாளில் தேட உட்கார்ந்தா சீரியல் புரொமோவிலும் யாரோ வீட்டுச் சண்டையிலும் அரை மணி நேரம் கரைஞ்சிடும்.

2. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைத் தானா ஓட்டுற ஆட்டோபிளேயை அணை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது.

3. துண்டு துண்டா முப்பது பார்க்காதே, முழுசா ஒண்ணு பார். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நாற்பது நிமிஷம்தான். ஆஸ்கர் படம்னா புரியாதுன்னு தள்ளி வெச்சிருப்பே. அதில் பேசுறது தமிழ்! முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத ரகுங்கிற குட்டி யானையை வளர்க்கிற கதை. அவ்வளவு நேரமும் இல்லையா? 'ஃபாரஸ்ட் மேன்' கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான். அசாமில் பிரம்மபுத்திரா மணல் திட்டில் 1979லிருந்து மரம் நட்டு, காட்டையே உருவாக்கின ஜாதவ் பயேங்கைப் பற்றினது.

4. அழணும்போல இருந்தா விளையாட்டுப் பக்கம் போ. அங்கே அழுகைக்கு யாரும் ஒத்திகை பார்க்கிறதில்லை. 2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதல். கத்தார் நாட்டு பர்ஷிம், இத்தாலியின் தம்பேரி ரெண்டு பேரும் 2.37 மீட்டர் தாண்டிட்டாங்க. 2.39ல் ரெண்டு பேருக்கும் மூணு வாய்ப்பும் போச்சு. நடுவர் வந்து, இன்னொரு போட்டி வைக்கலாம்னு ஆரம்பிக்கிறார். ரெண்டு தங்கம் தர முடியுமான்னு கேட்கிறார் பர்ஷிம். முடியும்னதும் தம்பேரி அவர் மேல தாவுறதைப் பார்க்கணும்! அடிபட்டு 2016 ரியோவில் கலந்துக்க முடியாம போனவர் தம்பேரி. அந்தக் காலுக்குப் போட்ட மாவுக்கட்டை மைதானத்துக்கே கொண்டு வந்து வெச்சிருந்தார். அது கண்ணில் படுதான்னு கவனி.

நம்ம குகேஷும் இருக்கான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினெட்டு வயசில் உலக செஸ் சாம்பியன். கண்ணீர் வழிய வழிய, கலைஞ்ச காய்களை எடுத்துப் பலகையில் ஒழுங்கா அடுக்குறான். வீட்டில் விளையாடின சாமானை எடுத்து வைக்காத பிள்ளை இருந்தா கட்டாயம் பக்கத்தில் உட்கார வை.

5. தர்மம் பண்ற வீடியோவில் சோக மியூசிக் ஓங்கி ஒலிச்சா உஷாரா இரு. கொடுக்கிற கையை விட வாங்குற முகத்தை நெருங்கிக் காட்டினா மூடிடு. கிணத்தில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாத்துறதா வர்றதில், விழும்போதே கேமரா எப்படித் தயாரா இருந்ததுன்னு ஒரு நிமிஷம் யோசி. மிருகத்தை ஆபத்தில் தள்ளிக் காப்பாத்துற மாதிரி எடுக்கிறதை யூடியூபே தடை பண்ணியிருக்கு.

6. ஆள் பேர், ஊர், வருஷம். மூணும் இல்லாத கதையைக் குடும்ப குரூப்பில் தட்டிவிடாதே. சித்தப்பா நம்பிடுவார்.

7. காலை நாலு மணிக்கு எழுந்தாத்தான் உருப்படுவேன்னு கத்துற பேச்சு லீவு நாளில் வேண்டவே வேண்டாம். ஓய்வெடுக்கிற நேரத்தில் காசு கொடுக்காமலே திட்டு வாங்கணுமா?

8. பெரியவங்க இருந்தா டிவியில் போடு. 'வில்லேஜ் குக்கிங் சேனல்' போட்டா மாமியாரும் நகர மாட்டாங்க. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக் குடும்பம்; 2021லேயே ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டாங்க. ஆனா வயிறு நிறைஞ்ச பிறகு போடு. பசியோட பார்த்துட்டு, ராத்திரி பிரியாணி ஆர்டர் பண்ணிட்டு, பில்லை எனக்கு அனுப்பாதே.