ஏடிசி எண் இறங்கினாலே புற்றுநோயா?

புராஸ்டேட் எம்ஆர்ஐ அறிக்கைகளில் இப்போது எண்கள் கூடிவிட்டன. மருத்துவரைப் பார்க்கும் முன்பே அவற்றைப் படித்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஏடிசி எண் குறைவாக இருந்தால் புற்றுநோய் உறுதி.

உண்மை: திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைச் சொல்லும் அளவுதான் ஏடிசி. நலமான புராஸ்டேட்டின் சுரப்பிக் குழிகளில் திரவம் நிறைந்திருக்கும். நீர் தடையின்றி உலவும். புற்றுச் செல்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது குழிகள் சுருங்கும், நீரின் நடமாட்டம் தடைபடும், எண் இறங்கும். வீரியமான புற்றில் பெரும்பாலும் இன்னும் இறங்கும். ஆனால் அழற்சியும் எண்ணை இறக்கும். வயதானவர்களுக்கு வரும் சாதாரண வீக்கத்தின் சில முடிச்சுகளும் இறக்கும். புற்றுநோய் என்று உறுதிசெய்வது, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான்.

நம்பிக்கை: ரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல ஏடிசிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு.

உண்மை: இல்லை. கருவியின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, கருவியை யார் தயாரித்தது, எந்த அமைப்பில் படமெடுத்தார்கள், கட்டியின் எந்த இடத்தில் வட்டம் போட்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். புராஸ்டேட் எம்ஆர்ஐயைப் படித்து மதிப்பிடுவதற்கான பை-ராட்ஸ் வழிகாட்டி, புராஸ்டேட்டின் வெளிப்பகுதிக்கு நொடிக்கு 750 முதல் 900 சதுர மைக்ரோமீட்டர் என்ற வரம்பைக் குறிப்பிடுகிறது. அதையும் ஒரு துணையாகத்தான் சொல்கிறது. 1 முதல் 5 வரை அது தரும் மதிப்பெண், முதன்மையாகக் கதிரியக்க மருத்துவரின் கண் பார்த்துச் சொல்வது.

நம்பிக்கை: அப்படியானால் அளவிடுவதே வீண்.

உண்மை: இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்க விரும்புகிறேன். பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த ப்ராமிஸ் ஆய்வு 2017-இல் வெளியானது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முக்கியமான புற்று இருந்தவர்களில் 93 விழுக்காட்டினரை எம்ஆர்ஐ பிடித்தது. வழக்கமான அல்ட்ராசவுண்டு வழிப் பயாப்ஸி பிடித்தது 48 விழுக்காட்டினரை. ஆனால் அத்தகைய புற்று இல்லாதவர்களில் 41 விழுக்காட்டினரை மட்டுமே எம்ஆர்ஐ சரியாக விலக்கியது. மீதிப் பேருக்கு வீண் பயம்; பலருக்கு வீண் பயாப்ஸி, அதனால் ரத்தக்கசிவு, சிலருக்குத் தொற்று. இந்தப் பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பதற்கே நல்ல அளவீடு தேவைப்படுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கிய வெர்டிக்ட் முறை, நீர் செல்லுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு, ரத்தநாளங்களில் எவ்வளவு என்று பிரித்துக் கணிக்கிறது. ஏடிசி இம்மூன்றையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது.

எளிய அளவீடு ஒன்றும் உண்டு, பலர் அதைக் கேட்பதே இல்லை. எம்ஆர்ஐ தரும் புராஸ்டேட்டின் கன அளவால் பிஎஸ்ஏயை (ரத்தத்தில் அளக்கப்படும் புராஸ்டேட் புரதம்) வகுத்தால் பிஎஸ்ஏ அடர்த்தி கிடைக்கும். பிஎஸ்ஏ 6 உள்ள இருவரில் ஒருவரின் சுரப்பி 60 மில்லிலிட்டர் என்றால் அடர்த்தி 0.10, இன்னொருவருக்கு 30 என்றால் 0.20. பொதுவாக 0.15-ஐத் தாண்டினால் கவனம் கூடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருவருக்கும் ஒரே 6 தான்.

நம்பிக்கை: எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியவில்லை, இனிக் கவலையில்லை.

உண்மை: அந்த 93-க்கு அப்பால் 7 விழுக்காடு இருக்கிறது. பிஎஸ்ஏ அடர்த்தி கூடுதலாகவோ குடும்பத்தில் இந்நோய் இருந்தோ இருந்தால், ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் மருத்துவர் பயாப்ஸி கேட்கலாம். கண்காணிப்பில் இருப்பவர்கள் அடுத்த ஸ்கேனை, முடிந்தவரை, முன்பு எடுத்த அதே கருவியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.