ஸ்பானிஷ் அகராதியில் முதல் சொல்லை எடுத்துடாதே

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்சிருக்கே, ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. நம்ம ஊர்ல கிடைக்கிற புத்தகம், ஆப், வகுப்பு பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாத்தான் சொல்லிக்கொடுக்கும். அதனால உனக்கு வரப்போற குழப்பத்துல பாதி ஸ்பானிஷால வராது, நடுவுல நிக்கிற இங்கிலீஷால வரும். ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு அகராதியில நாலஞ்சு ஸ்பானிஷ் சொல் இருக்கும். அவசரத்துல முதல் சொல்லை எடுத்துப் போட்டா, வாக்கியம் அர்த்தமே இல்லாம போயிடும்.

அகராதியைத் தொடுறதுக்கு முன்னாடி, சொல்ல வந்ததைத் தமிழ்ல ஒரு தரம் சொல்லிப் பாரு. ‘டைம்’னு வந்தா, நீ சொல்ல வந்தது நேரமா, மணியா, தடவையா? நேரம் இல்லைன்னா ‘தியெம்போ’. மணி என்னன்னா ‘ஓரா’. மூணு தடவை சொன்னேன்னா ‘வெஸ்’, பன்மையில ‘வெஸெஸ்’. இங்கிலீஷ் ஒண்ணாச் சேர்த்து வச்சதைத் தமிழ் முன்னாடியே பிரிச்சு வச்சிருக்கு, ஸ்பானிஷும் அதே இடத்துல பிரிக்குது. ‘ப்ளே’யும் அப்படித்தான்: பந்து விளையாடினா ‘ஹுகார்’, கிதார் வாசிச்சா ‘தோக்கார்’. ‘சேவ்’னு வந்தா, பணம் சேமிக்க ‘அஒர்ரார்’, உயிரைக் காப்பாத்த ‘சல்வார்’, கம்ப்யூட்டர்ல ஃபைலைப் பத்திரப்படுத்த ‘குவார்தார்’. ‘கார்னர்’ எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். தெருமுனைக்கு ‘எஸ்கீனா’, அறையோட மூலைக்கு ‘ரிங்கோன்’. முனையும் மூலையும் நமக்கு எப்படி வேற வேறயோ, அவங்களுக்கும் அப்படியே.

ஆனா தமிழும் ஒரே சொல்லை வச்சிருக்கிற இடம் சிலது உண்டு. அங்கதான் நீ கூடுதல் கவனமா இருக்கணும்.

‘கேட்கிறது’ அதுல ஒண்ணு. வழி கேட்டாலும் கேட்கிறதுதான், காபி கேட்டாலும் கேட்கிறதுதான். ஸ்பானிஷ் இதை ரெண்டாக்கும். திரும்ப வரவேண்டியது பதில்னா ‘பிரெகுந்தார்’. பொருளோ உதவியோ வரணும்னா ‘பெதீர்’. ஓட்டல்ல சாப்பாடு சொல்றது, மன்னிப்புக் கேட்கிறது எல்லாம் ‘பெதீர்’ பக்கம். பாட்டு கேட்கிறது ரெண்டுலயும் சேராது, அது ‘எஸ்குச்சார்’.

‘மீன்’, ‘கால்’ ரெண்டையும் சட்டுனு சொல்லிடறேன். தண்ணியில நீந்துற மீன் ‘பெஸ்’, பிடிச்சு சமையலுக்கு வந்த மீன் ‘பெஸ்காதோ’. மனுஷன் கால் ‘பியெர்னா’, மேசை, நாற்காலி, மாட்டுக்கு இருக்கிற கால் ‘பாத்தா’. மனுஷனுக்குப் ‘பாத்தா’ன்னு சொன்னா கேலியாப் படும்.

‘தெரியும்’ங்கிறதுல கொஞ்சம் நின்னு யோசி. ஒரு விஷயமோ ஒரு திறமையோ தெரிஞ்சா ‘சபேர்’. ஆளோ ஊரோ பழக்கம்னா ‘கொனொசேர்’. உனக்கு ஒரு வழி சொல்றேன். ‘அவரைத் தெரியும்’னு சொல்றப்போ ‘ஐ’ உருபு வருது இல்லையா? ‘நீச்சல் தெரியும்’ங்கிறப்போ வர்றதில்லை. ஆளோட சேர்ந்து அந்த ‘ஐ’ வந்தா ‘கொனொசேர்’னு எடுத்துக்கோ. ஸ்பானிஷ்லயும் அந்த இடத்துல ஆள் பேருக்கு முன்னாடி ‘ஆ’ன்னு ஒரு சின்னச் சொல் வரும். இறந்தகாலத்துல இன்னும் ஒரு படி இருக்கு. ‘சபீயா’ன்னா ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது, ‘சூப்பே’ன்னா அப்போதான் தெரிய வந்தது. ‘லா கொனொசீ என் லீமா’ன்னா அவளை லீமாவுல முதன்முதலா சந்திச்சேன்னு அர்த்தம்.

அடுத்தது எல்லாரும் பயப்படுற ‘ஸேர்’, ‘எஸ்தார்’. இங்கிலீஷ்ல ‘இஸ்’னு ஒரே சொல்லால சொல்றதுக்கு ஸ்பானிஷ்ல இருக்கிற ரெண்டு வினை. நிரந்தரம்னா ‘ஸேர்’, தற்காலிகம்னா ‘எஸ்தார்’னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. அந்த விதியை நம்பாதே. மாட்ரிட் ஸ்பெயின்ல இருக்கிறது நிரந்தரம்தானே? அதுக்கு ‘எஸ்தார்’. செத்துப்போனதைவிட நிரந்தரம் உண்டா? அதுக்கும் ‘எஸ்தார்’தான். தமிழை வச்சு யோசி: ‘அம்மா டீச்சர்’னு வினையே இல்லாம நாம முடிக்கிற வாக்கியம் ‘ஸேர்’. ‘அம்மா அடுப்படியில இருக்காங்க’ன்னு இடம் சொன்னா ‘எஸ்தார்’. கல்யாணம் எங்க, கூட்டம் எங்கன்னு நிகழ்ச்சிக்கு இடம் சொன்னா மட்டும் திரும்ப ‘ஸேர்’. குணம், தோற்றம் சொல்றப்போ தமிழ் கை கொடுக்காது, ஏன்னா உயரமா இருக்கான், சோர்வா இருக்கான் ரெண்டுக்கும் நமக்கு ‘இருக்கான்’தான். ஆள் இப்படின்னா ‘ஸேர்’, இப்போ இந்த நிலைமைன்னா ‘எஸ்தார்’. ‘லிஸ்தோ’வை ‘ஸேர்’ கூடச் சேர்த்தா புத்திசாலி, ‘எஸ்தார்’ கூடச் சேர்த்தா தயாரா இருக்கான்.

இவ்வளவு யோசிச்சும் சந்தேகம் தீரலைன்னா, கிடைச்ச ஸ்பானிஷ் சொல்லைத் திருப்பிப் போட்டுத் தேடு. ‘ஸ்பிரிங்’குக்கு வசந்தம்னா ‘பிரிமவேரா’, ஊற்றுன்னா ‘மனந்தியால்’, சுருள் கம்பின்னா ‘ரெசோர்த்தே’ இல்லைன்னா ‘முவெய்யே’. இந்த ‘முவெய்யே’யைத் திருப்பித் தேடினா கப்பல் நிக்கிற துறையும் வரும். இப்படித் தேடறதுக்கு, 1713-ல மாட்ரிட்ல தொடங்கின ரியல் அகாதெமியா எஸ்பான்யோலாவோட அகராதி இணையத்துல இலவசம். கொஞ்சம் தேறினதும் மரியா மொலினெர் அகராதியைப் பாரு. அவங்க நூலகர். பெரும்பாலும் தனியாளா, வீட்டுல உட்கார்ந்து பல வருஷம் உழைச்சு, 1966, 67-ல ரெண்டு தொகுதியா கொண்டுவந்தாங்க. சொல்லோட அர்த்தத்தோட நிறுத்தாம, அது எந்தச் சொல்லோட சேரும், எப்படிப் புழங்கும்னும் அதுல இருக்கும். அந்தப் பெண்மணி மேல எனக்குப் பெரிய மரியாதை.

ஊரையும் பாரு. அகராதியில சொல்லுக்குப் பக்கத்துல நாட்டுக்கான சுருக்கக் குறி போட்டிருப்பாங்க, அதைத் தாண்டிப் போயிடாதே. ‘எடு, பிடி’ங்கிறதுக்கு ஸ்பெயின்ல தயங்காமச் சொல்ற ‘கொஹேர்’, மெக்சிகோவுலயும் அர்ஜென்டினாவுலயும் உடலுறவைக் குறிக்கிற கொச்சைச் சொல். அங்க பஸ் பிடிக்க ‘தொமார்’னு சொல்லு. கம்ப்யூட்டர் ஸ்பெயின்ல ‘ஒர்தெனதோர்’, லத்தீன் அமெரிக்காவுல பெரும்பாலும் ‘கொம்புத்தாதோரா’. ரயில் டிக்கெட் ஸ்பெயின்ல ‘பியேத்தே’, மெக்சிகோவுல ‘போலேத்தோ’. சினிமா டிக்கெட்டுக்கு ஸ்பெயின்ல ‘எந்த்ராதா’ன்னு தனிச் சொல்லே இருக்கு. யாரோட பேசப்போறேன்னு முடிவு பண்ணி, அந்த ஊர்ச் சொல்லை மட்டும் முதல்ல படி.

மொழிபெயர்ப்பு ஆப்ல போடறதா இருந்தா தனிச் சொல்லைப் போடாதே, முழு வாக்கியமாப் போடு. நோட்டுலயும் அப்படித்தான் எழுதணும். ‘தோக்கார் லா கித்தார்ரா’, ‘ஹுகார் அல் ஃபூத்போல்’னு துணைச் சொல்லோட எழுது. ‘ஹுகார்’ பக்கத்துல அந்த ‘அல்’ வருது, ‘தோக்கார்’ பக்கத்துல வரலை பாரு. லத்தீன் அமெரிக்காவுல பல இடத்துல அதையும் விட்டுட்டே பேசுவாங்க.