சர்க்கரை இறங்கிவிட்டது என்று இருந்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். குட்டிப் பயல் நன்றாகப் பால் குடிக்கிறான் என்று உன் அம்மா போனில் சொன்னார். அவனுக்கு மட்டுமல்ல, உனக்கும் அது நல்லது. பின்னாளில் நீரிழிவு வரும் அபாயத்தைத் தாய்ப்பால் கொடுப்பது குறைக்கிறது. கூடவே, பிரசவத்துக்குப் பிறகு பார்க்கச் சொன்ன சர்க்கரைப் பரிசோதனைக்கு நீ போகவில்லை என்றும் சொன்னார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

"பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டதே" என்கிறாயாம். பெரும்பாலோருக்கு இறங்கத்தான் செய்யும். ஆனால் மாசமாக இருக்கும்போது சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்காவது அதிகம். அதனால்தான் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் நீரிழிவு அபாயத்தைக் கணக்கிட ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பரம்பரை, இந்த நான்குதான் கணக்கு. உனக்கு 35 ஆகவில்லை, வயதுக்குப் பூஜ்யம். அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, அதற்கு 20. உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் கிடையாது, அதற்கு 30. இடுப்பு 80 செ.மீ.யை எட்டினால் இன்னொரு 10. 60 வந்தாலே அபாயம் அதிகம் என்று பொருள். பெற்றவர்களை மாற்ற முடியாது. நடையையும் இடுப்பையும் மாற்றலாம்.

பெரியத்தையை நினைத்துப் பார். இரண்டாவது பிள்ளை நாலு கிலோவுக்கு மேல் பிறந்தபோது எல்லோரும் மெச்சினார்கள். தாய்க்குச் சர்க்கரை பார்க்க அதுவே ஒரு காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. உன் தாத்தாவுக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வந்தார். அதே கூடத்தில் நடமாடிய அவளுக்கு ஒரு தடவை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கண் மங்கிய பிறகுதான் தெரிந்தது. நம் வீட்டில் பெண்ணின் உடம்பு எப்போதும் கடைசிதான். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

பரிசோதனைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் கட்டாயப்படுத்தவில்லை. புதன்கிழமை காலை வந்துவிடுகிறேன், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். முந்தின ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிடு, காலையில் காபிகூட வேண்டாம்.

திட்டுகிறேன் என்று நினைக்காதே கண்ணு. நீ கெட்டிக்காரி. தூக்கமில்லாத இத்தனை ராத்திரியிலும் பிள்ளையை எவ்வளவு அழகாக வளர்க்கிறாய்! உனக்குப் பிடித்த முருங்கைக்கீரை அடை சுட்டு எடுத்து வருகிறேன், ரத்தம் கொடுத்துவிட்டு வயிறாரச் சாப்பிடு. பயலுக்கு என் முத்தங்கள், உனக்கு அதைவிட அதிகம்.

உன் அன்பு அத்தை