பழைய பிக்கப் வண்டிக்கு மாற்றுச் சீட்: மெத்தைக்கு முன் தரையைப் பார்க்க வேண்டும்

தக்காளிக் கூடையும் வெண்டை மூட்டையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குப் புறப்படும் பிக்கப் வண்டிகளில் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவை. இவற்றின் இன்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறார்கள், டயருக்குக் காற்றுப் பிடிக்கிறார்கள். ஓட்டுபவர் உட்காரும் சீட்டை மட்டும் கவனிப்பதில்லை. ஸ்பாஞ்சு அமுங்கிக் கம்பி குத்தத் தொடங்கினால், ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இதனால் இரண்டு கெடுதல்கள் உண்டு. மேலும் கீழுமான குலுக்கலில், நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வுதான் மனித உடலை அதிகம் வாட்டுகிறது. அதைத் தாங்க வேண்டிய மெத்தை செத்துவிட்டால், அடி முழுவதும் இடுப்பு எலும்புக்குப் போகிறது. மற்றொன்று, திடீரென்று பிரேக் போடும்போது மடித்துப் போட்ட சாக்கு நழுவிப் பெடலுக்கு அடியில் சிக்கக்கூடும்.

ஆகவே சீட்டை மாற்ற நினைப்பது நல்லதே. ஆனால் காயலான் கடையில் கார் சீட் இரண்டை மலிவாக வாங்கி, தரைத் தகட்டில் நாலு துளை போட்டு முடுக்கிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. சீட்டின் பலம் மெத்தையில் இல்லை, அதன் கால் ஊன்றும் தரையில் இருக்கிறது.

முதலில் ஆள் கணக்கு

பல பழைய பிக்கப்களில் இருப்பது கதவுக்குக் கதவு நீளும் பெஞ்சு சீட். தனித்தனியான பக்கெட் சீட் போட்டால் முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும். ஆனால் மூன்று பேருக்கு இடமிருந்த கேபினில் இரண்டு பேர்தான் உட்கார முடியும்.

சந்தைக்குப் போகும்போது கணவன், மனைவி, மூட்டை இறக்க ஓர் ஆள் என்று மூவர் போகும் குடும்பங்கள் உண்டு. பக்கெட் சீட் வந்தபின் அந்த மூன்றாவது ஆள் பின்னால் மூட்டை மேல் உட்காருவார். வண்டி சற்றுச் சாய்ந்தாலும் முதலில் விழுவது அவர்தான். மூன்று பேர் கட்டாயம் போக வேண்டிய வண்டியானால், பெஞ்சு சீட்டின் சட்டத்தைச் சரிசெய்து, கெட்டியான புது ஸ்பாஞ்சு வைத்து, ரெக்சின் தைத்துக்கொள்வதே சிறந்தது. இதைக் குஷன் கடையிலேயே முடித்துவிடலாம். வண்டிக்குத் துளை போடும் வேலையும் இல்லை.

தரையைச் சோதித்தல்

பக்கெட் சீட்தான் என்று முடிவானால், வாங்குவதற்கு முன் பழைய சீட்டைக் கழற்றித் தரையைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டு ஊறவைத்தால் முறியாமல் கழலும்.

விவசாயியின் வண்டியில் தரை சீக்கிரம் துருப்பிடிக்கக் காரணம் உண்டு. சேற்றுக் கால், ஈரச் சாக்கு இவற்றோடு உரத் தூளும் சேர்கிறது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். ரப்பர் விரிப்பின் அடியில் இந்த அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

விரிப்பை எடுத்துவிட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் இடங்களை டிங்கர் பட்டறையில் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு பூச வேண்டும். துருவின் மேல் பெயிண்டு அடிப்பது துருவை மறைக்கும், நிறுத்தாது.

சீட்டைத் தேர்ந்தெடுத்தல்

அதே மாடல் வண்டியின் சீட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, ஏனெனில் பழைய துளைகளே பொருந்தும். வேறு வண்டியின் சீட்டானால் கவனிக்க வேண்டியவை:

1. கதவுக்கும் கியர் தண்டுக்கும் இடையிலுள்ள அகலத்தையும், தரையிலிருந்து கூரை வரையுள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

2. முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயில்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் சீட் ஆகாது.

3. சட்டத்தில் வெடிப்போ, மறுபடி வெல்டிங் செய்த அடையாளமோ இருக்கக் கூடாது. விபத்தில் சிக்கிய வண்டியின் சீட்டை ஒதுக்க வேண்டும்.

4. பக்கவாட்டில் காற்றுப் பை உள்ள சீட் வேண்டாம். அதைக் கழற்றுவது ஆபத்து. வேறு வண்டியில் அது வேலையும் செய்யாது.

5. கார் சீட்டின் முன் காலும் பின் காலும் பெரும்பாலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அந்தந்தக் காரின் தரை மேட்டுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை அவை. பிக்கப்பில் வைக்க, தடித்த இரும்பில் தாங்கி செய்ய வேண்டியிருக்கும். தாங்கி எவ்வளவு உயரமோ, மோதலின்போது போல்ட்டை நெம்பும் விசையும் அவ்வளவு கூடும்.

பொருத்தும் முறை

இங்கே ஒரு கணக்கு பார்க்கலாம். மோதலில் சீட் தன் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி எண் 207. சீட்டின் எடை 15 கிலோ என்றால், தாங்க வேண்டியது 300 கிலோ. சீட் பெல்ட்டும் சீட்டிலேயே மாட்டப்பட்டிருந்தால் உட்கார்ந்திருப்பவரின் பாரமும் அதில் சேரும். 60 கிலோ ஆளுக்கு அதே கணக்கில் ஒன்றரை டன் ஆகிறது. மெல்லிய தரைத் தகடு மட்டும் இதைத் தாங்காது. போல்ட் முறியாமலே, தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

துளை போடுமுன் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, பிரேக் குழாய், டீசல் குழாய், டேங்க், ஒயர் எதுவும் துளையின் கீழே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கூடியவரை பழைய துளைகளையும் குறுக்குச் சட்டத்தையும் பயன்படுத்துவது நல்லது.

ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு 10 மி.மீ. போல்ட்டுகள் தேவை. அவற்றின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். புதிய துளை ஒவ்வொன்றின் அடியிலும் 3 மி.மீ. கனமும் சுமார் 7 செ.மீ. சதுரமும் உள்ள இரும்புத் தகட்டை வைத்து, லாக் நட் போட்டு முடுக்க வேண்டும். சாதாரண வாஷர் போதாது. தகட்டின் மூலைகளை அரத்தால் மழுக்கிவிட்டால் அது தரையை வெட்டாது. வெட்டிய விளிம்புகளுக்குப் பெயிண்டு பூசி, நீர் புகாமல் அடைத்துவிட வேண்டும்.

சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள சிறு வண்டிகளில், இன்ஜினைத் திறந்து பார்க்கும் வழியை அடைக்கக் கூடாது. மெத்தைக்கும் இன்ஜின் சூட்டுக்கும் நடுவே இருந்த மூடியை எறிந்துவிடவும் கூடாது.

ஓட்டுபவருக்கு ஏற்ற நிலை

கிளட்ச்சைக் கடைசி வரை மிதித்தாலும் முழங்கால் சிறிது மடங்கியிருக்க வேண்டும். முதுகு சீட்டில் படிந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தலை கூரையில் இடிக்கக் கூடாது. தகப்பனும் மகனும் மாறி மாறி ஓட்டும் வண்டியில் இருவரையும் உட்காரவைத்துப் பார்த்த பிறகே துளை போட வேண்டும்.

சீட் பெல்ட்

பெல்ட்டின் பழைய பிடிமானங்களையே பயன்படுத்த வேண்டும். அவற்றின் போல்ட்டுகள் பெரும்பாலான வண்டிகளில் 7/16 அங்குல நுண்மரை உள்ளவை. தொலைந்துவிட்டால் கைக்குக் கிடைத்த போல்ட்டை முடுக்காமல் அதே வகையை வாங்க வேண்டும். பெல்ட்டை வெட்டித் தைப்பதும், முடிச்சுப் போட்டுச் சுருக்குவதும் அதன் பலத்தைக் கெடுக்கும்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. மூன்று இருக்கை என்று பதிவான வண்டி இரண்டு இருக்கையானால் அந்த விவரம் மாறுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பணமும் அலைச்சலும் மிச்சம்.

முடிவாக

வேலை முடிந்ததும் சீட்டை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத களத்தில் மெதுவாக ஓட்டி, சட்டென்று பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். அதன் பிறகு ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சீட்டின் அடியில் கை விட்டுத் துருவும் ஆட்டமும் இருக்கிறதா என்று பார்ப்பது போதும்.