தடைக்காலச் சீட்டுக் கச்சேரி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பகலில் வலை சரிபார்ப்பு, ராத்திரியில் யாராவது ஒருவர் வீட்டில் ரம்மி. வாராவாரம் கூடுவதென்றால் கிழமையை முதலிலேயே பேசிவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஞாயிறு விடியலில் மீன் வாங்கக் கூட்டம் குவியும், தடை பொருந்தாத ஃபைபர் படகுக்காரர்கள் வர முடியாது.

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆளுக்கு 13 சீட்டு, இரண்டு கட்டு போதும். ஏழாவதாக வருபவர் கணக்கு எழுதட்டும்.

பெரிய தொல்லை கடற்காற்றுதான். அட்டைச் சீட்டு உப்பு ஈரத்தில் பிசுபிசுத்துப் போகும். ஒன்றை இழுத்தால் இரண்டு வரும். சண்டை அங்கேதான் ஆரம்பம். பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நண்டு வறுவல் எல்லாம் சீட்டைக் கீழே வைத்த பிறகு; ஆட்டத்துக்கு நடுவே வேர்க்கடலை உத்தமம்.

பணம் வைக்காதீர்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பந்தய ஆட்டத்தில் வீட்டுக்காரர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதுவுமில்லாமல், வருமானம் இல்லாத மாசத்தில் பந்தயம் எதற்கு? ஸ்கூட் (ஆடாமலே விலகினால்) 20, மிடில் (நடுவில் விலகினால்) 40, ஃபுல் 80 என்று புள்ளிகளை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். முதலில் 201-ஐத் தொட்டவர் தலையில் அடுத்த வாரத்து டீயும் பஜ்ஜியும்.